பேச்சிக்குப் பதிலா மூணு பேர்

ஷெட்டுல பேச்சியோட ஆணியில வேற எவளோ பையை மாட்டி வச்சிருக்கா. புதுசா வந்தவ போல, தெரியாம மாட்டியிருப்பா, பேச்சி வந்தா அவளே எடுத்துக் கடாசிருவான்னு நினைச்சுக்கிட்டு என் பேட் பையைக் கீழ இறக்குனேன். மதுரையில இருந்து பாதி தூரம் பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தது, காலு ரெண்டும் மரத்துக் கிடக்கு. பத்து நாளா அக்கா வீடு, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை சொட்டு மருந்து, வாசல்ல யாரு செருப்பைக் கழட்டினாலும் யாரு, கனியான்னு அம்மா கேக்கும், நான் இங்கனதாம்மா இருக்கேன்னு பக்கத்துல இருந்தே சொல்லணும். இன்னைக்கு ஹாக்கி லீக்குல முதல் மேட்ச், நான் பாத்துக்கிடுதேன் நீ போன்னு அக்காதான் பஸ் ஏத்தி விட்டா. கோவில்பட்டியில இறங்கி நேரா கிரவுண்டு. மூணு இருபது. நாலு மணிக்கு மேட்ச். ஷெட்டுக்குள்ள எங்க மஞ்சள் ஜெர்சியில மூணு புது மூஞ்சி, மூணும் நல்ல தாட்டியமான ஆளுக, ஒரு பெஞ்சே நிறைஞ்சு கிடக்கு. ஓரத்துல இருந்தவ ஷூ லேஸ் கட்டிக்கிட்டு இருந்தா. பேச்சி இன்னும் வரலையாம்மான்னு சும்மா பேச்சுக்குக் கேட்டேன். அவ நிமிர்ந்து பாத்தா. அவங்களுக்குப் பதிலாத்தானக்கா நாங்க மூணு பேரும் வந்திருக்கோம்னா. தூத்துக்குடி கிளப்புல இருந்து. அவங்க அங்க போயிட்டாங்க, இன்னைக்கு அந்தப் பக்கம்தான் ஆடுதாங்க, உங்களுக்குத் தெரியாதாக்கான்னா. தெரியும்னு சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு எனக்கே விளங்கலை.

முதல்ல இடது கால் பேட். எப்பவும் இடதுதான் முதல்ல. வாரை இழுத்துக் கொக்கியில மாட்டணும், ஒண்ணு, ரெண்டு, மூணு. ரெண்டாவது வாரு கையில நிக்கவே மாட்டேங்குது. போயிட்டாங்கன்னா எங்க போயிட்டாங்க, பேச்சி எங்க போவா, கிரவுண்டுக்குப் பின்னாடி தண்ணி பிடிக்கப் போவா, லேட்டா வாரதுக்கு ஒரு கதையைக் கட்டிக்கிட்டு வருவா, அவ்வளவுதான் அவ போறது. ஒன்பதாம் கிளாஸ்ல இருந்து பதினோரு வருஷமா மேட்சுன்னா அவ முதுகுதான் எனக்கு முன்னாடி. ஒன்பதாம் நம்பர். கீப்பர் ஒருத்தி மட்டும்தான் எல்லார் முதுகையும் பாத்துக்கிட்டே ஆடுதவ, அதுல அவ முதுகு நூறு பேருக்கு நடுவுலயும் தெரியும், வலது தோளைக் கொஞ்சம் இறக்கி நிப்பா. போன வருஷம் கிளப் போட்ட இருபத்தாறு கோல்ல பத்தொன்பது அவ போட்டது. ஊருல ஹாக்கின்னு பேச்செடுத்தா நம்ம பேச்சி நம்ம பேச்சின்னு டீக்கடையில பேரைச் சொல்லித்தான் ஆரம்பிப்பாக. அவளைக் கொடுத்துட்டாங்கங்கறது என்ன பேச்சு. வாரு மாட்டிருச்சு. வலது கால்.

தர்மராஜ் அண்ணாச்சி உள்ள வந்தாக. எங்க கிளப் செயலாளர், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சைக்கிள் கடை, பொம்பளைப் பிள்ளைகளுக்குன்னு இந்தக் கிளப்பைத் தனி ஆளா நின்னு பதினஞ்சு வருஷமா நடத்துதவரு. சத்தம் போட மாட்டாரு, பொய்யும் சொல்ல மாட்டாரு, அதுதான் அவருகிட்ட கஷ்டம். கக்கத்துல கோல் நோட்டு. வாம்மா கனி, அம்மாவுக்குப் பார்வை தெளிஞ்சிருச்சான்னு கேட்டாக. தெளிஞ்சிருச்சு அண்ணாச்சின்னேன். பாத்தியா பிள்ளைகளை, ஜெனோவா, சகாயராணி, இசக்கி, மூணு பேரும் பின்னாடி நின்னு தடுக்கிற ஆளுக, மோதுனா சுவரு, இனி உனக்கு முன்னாடி ஒரு பய பந்தை உருட்டிக்கிட்டு வர முடியாதுன்னாக. எதுக்கு அண்ணாச்சி பேச்சியைக் கொடுத்தீகன்னு கேட்டேன். கேட்டது என் குரல் மாதிரியே இல்லை, பெஞ்சுல இருந்த மூணும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாளுக. அண்ணாச்சி என்னை ஒரு மாதிரியாப் பாத்தாக. அவளே எழுதித்தானம்மா கொடுத்தா, உன்கிட்டச் சொல்லலையான்னாக.

கோல் நோட்டு எங்க கிளப்புல மட்டும் உள்ள பழக்கம். தோத்த மேட்ச் முடிஞ்சதும் கீப்பர் நோட்டுல எழுதணும், எங்க ஓட்டை, எதனால கோல் விழுந்துச்சு, அடுத்து என்ன வேணும்னு. மொத்தக் கிரவுண்டும் தெரியிறது கீப்பருக்கு மட்டும்தான், அதனால அவ எழுதுறதை அடிக்கக் கூடாது, திருத்தக் கூடாது, யாரும் கோவிச்சுக்கவும் கூடாதுன்னு அண்ணாச்சி வச்ச சட்டம். ஏழு வருஷமா நான்தான் எழுதுதேன். அண்ணாச்சி நோட்டை விரிச்சுக் காட்டுனாக. தோத்த மறுநாள் நீ விடியக் காலையிலயே மதுரைக்குக் கிளம்பிட்ட, நோட்டைப் பாத்தா பேச்சி கையெழுத்து, சரி, கீப்பர் இல்லாததால இவ எழுதியிருக்கா போலன்னு நினைச்சேன்னாக. குண்டு குண்டான எழுத்து, பேச்சியோடதுதான், பள்ளிக்கூடத்துல என் பரீட்சை நோட்டுக்கெல்லாம் அட்டையில பேரு எழுதின எழுத்து. எழுதியிருந்தது இதுதான்: பின்னாடி மோதுறதுக்கு ஆள் இல்லை. ரெண்டு பேருக்கு அடிபட்டா மாத்தி இறக்க ஆள் இல்லை. முன்னாடி ஒருத்தி ஆடுனா டீம் ஆகாது. பேச்சியைக் கொடுத்தாவது பின்னாடிக்கு மூணு பேரை வாங்குங்க. அண்ணாச்சி அந்தக் கடைசி வரி மேல விரலை வச்சுக்கிட்டே, தன் பேரைத் தானே எழுதியிருக்காளே, எவ்வளவு பெரிய மனசு இந்தப் பிள்ளைக்குன்னு எனக்குக் கண்ணு கலங்கிருச்சும்மான்னாக.

நான் சொன்னது. ஒவ்வொரு வார்த்தையும் நான் சொன்னது. டோர்னமெண்ட் செமி ஃபைனல் அன்னைக்கு, அஞ்சு கோல் வாங்கின அன்னைக்கு, வலது கை நடு விரல் வீங்கிப் போய்ப் பேனா பிடிக்க முடியலை, இந்த ஷெட்டுல இதே பெஞ்சுல மல்லாந்து கிடந்துக்கிட்டு நான் சொல்லச் சொல்ல அவ எழுதுனா. ஐஸ் கட்டியைத் துணியில சுத்தி என் விரல்ல வச்சுக்கிட்டே ஒரு கையால எழுதுனா. எனக்குத் தொடையில பந்து பட்ட இடம் கன்னிப் போயிருந்துச்சு. எனக்கு ஆத்திரம். யாரு மேலன்னு இல்லை, எல்லார் மேலயும். கடைசி வரியைச் சொன்னதும் அவ ஏட்டி, இதையும் எழுதவான்னா. எழுதுட்டி, கீப்பர் சொன்னா சொன்னதுதான், திருத்தக் கூடாதுன்னேன். அவ சிரிச்சா. சிரிச்சுக்கிட்டேதான் எழுதுனா. நானும் சிரிச்சேன், சிரிச்சா விலா வலிச்சுச்சு. அவ்வளவுதான் நடந்தது. ஒரு வீட்டுல உன்னைத் தவிட்டுக்குக் கொடுத்துருவேன்னு சொல்றது இல்லையா, அப்படிச் சொன்னது. யாராவது அதைக் கேட்டுட்டு நிஜமாவே தவிட்டை அளந்து கொண்டாந்து வாசல்ல வைப்பாகளா. வச்சிருக்காக. மூணு மரக்கா தவிடு பெஞ்சுல உக்காந்து ஷூ லேஸ் கட்டுது. ச்சே, அந்தப் பிள்ளைக என்ன பாவம் பண்ணுச்சு, நான் ஏன் இப்படி நினைக்கேன்.

சும்மாதான் சொன்னேன். சும்மாவேதானான்னு உள்ள ஒண்ணு கேக்குது, கேக்காம இருன்னா இருக்க மாட்டேங்குது. பந்து நம்ம பக்கம் வந்தா அவ திரும்பி ஓடி வர மாட்டா, நடுக்கோட்டுல இடுப்புல கையை வச்சுக்கிட்டு நிப்பா, எடுத்துக் கொடுங்கட்டி நான் போட்டுட்டு வாரேன்னு. போடவும் செய்வா. ஆனா எடுத்துக் கொடுக்கறதுக்குள்ள நான் எத்தனை வாங்கியிருப்பேன். பேப்பர்ல அவ படம் வரும், எங்க அம்மா வெட்டி அலமாரியில ஒட்டும், உன் படம் எப்பட்டி வரும்னு கேக்கும். அன்னைக்கு அஞ்சாவது கோல் விழுந்தப்ப நான் தரையில கிடந்துக்கிட்டே பாத்தேன், அங்கன தூரத்துல அவ இடுப்புல கையை வச்சுக்கிட்டு நிக்கா. அந்த நேரம் அவளை எனக்குப் பிடிக்கலை. ஒரு அரை நிமிஷம் இருக்கும். அந்த அரை நிமிஷம்தான் நோட்டுக்குப் போயிருச்சோ. பத்து நிமிஷம் கழிச்சு அவதான் ஐஸ் வாங்கிட்டு ஓடி வந்தா, அது எந்த நோட்டுல இருக்கு.

அண்ணாச்சி இன்னும் பேசிக்கிட்டுதான் இருக்காக. கூப்பிட்டு வச்சு விசாரிச்சேம்மா, இது உன் கையெழுத்தான்னேன், ஆமான்னா. மனசறிஞ்சுதான் எழுதுனியான்னேன். ஒரு போன் பேசிட்டு வந்துருதேன் அண்ணாச்சின்னு கடைக்கு வெளிய போனா, திரும்பி வந்தா, கிளப் மாறுற பேப்பரை வாங்கிக் கையெழுத்துப் போட்டா, அந்தக் கிளப்புக்காரங்க ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டு இருந்ததுதான்னாக. என்னைக்கு அண்ணாச்சின்னேன். புதன்கிழமைன்னாக. புதன்கிழமை. பேட்டு கட்டுன காலோட பையில கையை விட்டுப் போனை எடுத்தேன். புதன், பதினொண்ணு பத்து, பேச்சி. பதினொண்ணு பன்னெண்டு, பேச்சி. அந்த நேரம் அம்மா கண்ணுல இருந்து டாக்டர் கட்டைப் பிரிச்சுக்கிட்டு இருந்தாரு. போன் அதிர்ந்துச்சு, பாத்தேன், இவளுக்கு வேற வேலை இல்லை, எவளாவது எவளையாவது திட்டின கதையாயிருக்கும்னு கவுத்து வச்சேன். சாயங்காலம் கூப்பிடணும்னு நினைச்சேன். சாயங்காலம் அம்மா கருப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு டீவி பாக்கணும்னு அடம் பிடிச்சுச்சு. மறந்துட்டேன். மறுநாளும் மறந்துட்டேன். கண்ணு தெரிஞ்சதும் அம்மா கேட்ட முதல் கேள்வி பேச்சி எங்கட்டி, சிரிச்சுக்கிட்டே வருவாளே, அவ வரலையான்னுதான். ரெண்டு தடவை கூப்பிட்டிருக்கா. நான் எடுத்திருந்தா ஏ லூசு, கிழிச்சுப் போட்டுட்டு வாட்டின்னு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், முடிஞ்சிருக்கும். சீசனுக்கு ஒரு தடவைதான் கிளப் மாற முடியும். இனி அடுத்த வருஷம்தான். அதுகூடப் போகட்டும். நான் நிஜமாச் சொன்னேன்னு அவ நினைச்சுட்டாளா, அது மட்டும் இப்ப எனக்குத் தெரியணும். அதைத் தெரிஞ்சுக்காம நான் எப்படிப் போய்க் கோல்ல நிக்க.

அண்ணாச்சி அம்பயரைப் பாக்கப் போயிட்டாக. நோட்டைப் பத்தி நான் அவருகிட்ட எதுவும் சொல்லலை, இன்னும் சொல்லலை. நெஞ்சுக் கவசத்தை எடுத்துத் தலை வழியாப் போட்டேன். இதுல முதுகுப் பக்கம் ஒரு கொக்கி இருக்கு, கை எட்டாது, யாராவது பின்னாடி நின்னு மாட்டி விடணும். எனக்கு வாருல மூணாவது ஓட்டை. ரெண்டுன்னா மூச்சு முட்டும், நாலுன்னா தொளதொளன்னு ஏறி இறங்கும். இதை நான் யாருகிட்டயும் சொன்னது கிடையாது, ஏன்னா மாட்டினது ஒருத்திதான். ரெண்டு கையையும் பின்னாடி விட்டுத் துழாவுறதைப் பாத்துட்டு ஜெனோவா எந்திரிச்சு வந்தா, மாட்டி விடவாக்கான்னா. விரலு நல்ல பலம். ரெண்டாவது ஓட்டையில மாட்டிட்டா. எனக்கு மூச்சு முட்டுது. மாட்டிட்டு அங்கனயே நின்னா. நாங்க யாரும் கேட்டு வரலைக்கான்னு மெதுவாச் சொன்னா. நான் ஆறு வருஷம் அங்க ஆடுனேன்க்கா. அவங்க ஒருத்தங்க, நாங்க மூணு பேருன்னு பேப்பர்ல எழுதியிருந்துச்சு. அப்ப நீ மூணுல ஒண்ணுதானான்னு எங்க அய்யா கேக்காருக்கா, நான் என்ன சொல்லன்னா. அவ தோளைத் தொட்டேன், கனமான தோளு. நல்லா ஆடுவோம்மான்னேன். கையுறையை எடுத்துக்கிட்டு ஷெட்டுக்கு வெளிய வந்து வேப்ப மரத்தடியில நின்னேன், காத்து வரலை, வெயிலு கண்ணைக் கூசுது.

அப்பதான் பின்னாடி இருந்து அந்தக் கை. தோளைப் பிடிச்சு என்னைத் திரும்ப விடாம அப்படியே நிறுத்திக்கிட்டு, எவ மாட்டுனா இப்படின்னு முணுமுணுத்துக்கிட்டே கொக்கியைக் கழட்டி மூணாவது ஓட்டையில மாட்டுது. மூச்சு வந்துச்சு. நான் திரும்ப முயற்சி பண்ணேன், நில்லுட்டின்னா. ஓரக்கண்ணுல நீல ஜெர்சியோட கை மட்டும் தெரிஞ்சுச்சு. பேச்சி, நான் சும்மா சொன்னேன்ட்டின்னேன். தெரியும்னா. தெரிஞ்சும் ஏன் கையெழுத்துப் போட்டன்னேன். வாரோட நுனியை மடிச்சு உள்ள சொருகிக்கிட்டு இருந்தா, எப்பவும் சொருகுற மாதிரி. எழுதும்போது சிரிச்சேன், வீட்டுக்குப் போய் யோசிச்சேன், நீ சொன்னது சரிதானட்டி, நான் ஒரு நாளாவது பின்னாடி ஓடி வந்திருக்கேனான்னா. வந்திருக்கலாம்னு இப்பத் தோணுது, இனி எங்க ஓடி வரன்னா. போன் எடுக்காததுக்கு, அம்மா கண்ணு, டாக்டர், கட்டுன்னு ஏதேதோ உளறுனேன். அம்மாவுக்குத் தெரியுதான்னு கேட்டா. தெரியுதுன்னேன். சரி, கேளு, இன்னைக்கு எனக்கு பெனால்டி ஸ்ட்ரோக் கிடைச்சா உன் இடது பக்கம், முழங்காலுக்குக் கீழன்னா. சொல்லிட்டு முதுகுல ஒரு தட்டு தட்டினா. நான் கால் பேட்டைத் தூக்கி வச்சுத் திரும்புறதுக்குள்ள அவ பாதி கிரவுண்டு போயிட்டா, வலது தோளை இறக்கிக்கிட்டு.

இது எங்க பழைய விளையாட்டு. பிராக்டிஸ் முடிஞ்சதும் பத்து ஸ்ட்ரோக், நடுவுல ஆளே இல்லாம அவ அடிக்க நான் தடுக்கணும், அவ பக்கத்தைச் சொல்லிட்டு அடிப்பா, பத்துல ஏழு பொய். மத்த மூணு எதுன்னு நான் கண்டுபிடிக்கணும், தோத்தவ பேட் பையை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சுமக்கணும். அவ பொய் சொன்னா உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பாக்கும், நிஜம் சொன்னா மூஞ்சி கல்லாட்டம் இருக்கும், அதை வச்சுத்தான் பிடிப்பேன். இன்னைக்கு அவ என் முதுகுக்குப் பின்னாடி நின்னா. மூஞ்சியை நான் பாக்கலை. விசில் ஊதிட்டாங்க, பந்து ஓடுது, நான் கோல்ல நிக்கேன், மூஞ்சியைப் பாக்கலைங்கறதுதான் மண்டைக்குள்ள சுத்துது. அண்ணாச்சி சொன்னது பொய்யில்லை. ஜெனோவாவும் சகாயராணியும் இசக்கியும் சுவருதான், முப்பது நிமிஷமா ஒரு பந்து என் காலைத் தொடலை. பேச்சி வாரா, முட்டுறா, திரும்புறா, இடம் இல்லை. ஜனம் மூணு பேருக்கும் கை தட்டுது. எங்க கிளப்புல எனக்கு முன்னாடி இப்படி ஒரு நிம்மதியை நான் பாத்ததே இல்லை, அதை நினைச்சதும் எனக்கு அசிங்கமா இருந்துச்சு. ஒரு தடவை எங்க ஆளுக பந்தை அந்தப் பக்கம் கொண்டு போனப்ப பாக்கேன், அந்த முனையில பேச்சி அவங்க கோல் வரைக்கும் திரும்பி ஓடுதா. குனிஞ்சு ஸ்டிக்கை இறக்கிப் பந்தை எடுத்துக் கொடுக்கா. பதினோரு வருஷத்துல நான் பாக்காதது. பாத்துக்கிட்டே நின்னேன்.

மூணாவது குவார்ட்டர்ல அவ என் கோலுக்கு முன்னாடி உள்ள ‘டி’ வளைவுக்குள்ள பந்தோட நுழைஞ்சா. ஜெனோவா பந்தைப் பாக்கலை, ஆளைத்தான் பாத்தா, தோளால ஒரே மோது, பேச்சி முகம் குப்புற விழுந்தா. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுச்சு. நான்தான் கேட்டு வாங்குனது, மோதுறதுக்கு ஆள். அம்பயர் கையை நீட்டிட்டாரு, ஸ்ட்ரோக். பேச்சி எந்திரிச்சு முழங்கையில மண்ணைத் தட்டுனா, ரத்தம், துடைக்கலை. பந்துக்குப் பின்னாடி வந்து நின்னா. இருபத்தோரு அடி, அவ்வளவுதான் எங்களுக்கு நடுவுல. கோட்டு மேல நிக்கேன். ஹெல்மெட் கம்பி வழியா மூஞ்சியைப் பாக்கேன், இப்பவாவது பாத்துருவோம்னு. சிரிப்பும் இல்லை, கல்லும் இல்லை. வலியில இழுத்துக்கிட்டு இருக்கு மூஞ்சி, ஒண்ணும் படிக்க முடியலை. இடதுன்னு சொன்னா. பத்துல ஏழு பொய். நீல ஜெர்சி போட்டவ எதிராளிக்கு எதுக்கு நிஜம் சொல்லணும், நான் செஞ்ச வேலைக்கு எனக்கு எதுக்கு நிஜம் சொல்லணும், என்னை இடது பக்கம் விழ வச்சுட்டு வலது பக்கம் போடத்தான் அவ்வளவு தூரம் நடந்து வந்தாளா. வாரைச் சொருகி விட்டாளே. சொருகத்தான் வந்தா. இல்லை, சொல்லத்தான் வந்தா. அம்பயர் ரெடியான்னாரு, ரெடின்னேன், ரெடின்னா அவ, விசில்.

வலது பக்கம் பாஞ்சேன். முழு நீளத்துக்குப் பாஞ்சேன், கையும் ஸ்டிக்கும் தரையில தேய்ஞ்சு போய் நின்னுச்சு, நல்ல பாய்ச்சல். பந்து எனக்குப் பின்னாடி பலகையில இடிச்ச சத்தம் கேட்டுச்சு. இடது பக்கம். முழங்காலுக்குக் கீழ. வேகமாக்கூட இல்லை, பிராக்டிஸ்ல அடிக்கிற மாதிரி, நின்ன இடத்துல நின்னு காலை நீட்டியிருந்தாப் போதும். நீல ஜெர்சிக்காரிக எல்லாம் கத்திக்கிட்டு அவ மேல போய் விழுதாளுக. அவ அவளுகளை விலக்கிக்கிட்டு ரெண்டு எட்டு என் பக்கம் வந்தா. நான் தரையில கிடந்தபடியே நிமிர்ந்து பாத்தேன்.

நான் சொன்னேன்லட்டி, ஏன் நம்பலைன்னு கேட்டா.